விடுவதுதான் வித்தை

பாங்காக்கில் ராமா நான்காம் சாலையும் ஹென்றி துனான் சாலையும் சந்திக்கும் முனையில், மருத்துவமனைக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு பாம்புப் பண்ணை இருக்கிறது. தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் ராணி சவோவபா நினைவு நிறுவனம். சுற்றுலா வருபவர்கள் மாலையாகப் பாம்பைப் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் இடமாகத்தான் அதை அறிவார்கள். மருந்தியல் படிக்கும் எங்களுக்கு அது விஷமுறிவு மருந்து பிறக்கும் இடம். தாய்லாந்துப் பயணத்தில் எங்கள் கல்லூரிக் குழு பல ஆய்வுக்கூடங்களைப் பார்த்தது. குளிர்ந்த அறைகள், வெள்ளை அங்கிகள், எந்த ஊரிலும் ஒரே மாதிரி இருக்கும் கருவிகள். ஒரு மருந்து யாருடைய கையில் தொடங்குகிறது என்பதை நான் நேரில் கண்டது இங்கேதான்.

நிறுவனத்தின் கதை பாம்பில் தொடங்கவில்லை, நாயில் தொடங்குகிறது. 1911-இல் இளவரசர் டாம்ரோங்கின் மகள் வெறிநாய்க்கடியால் இறந்தார். அந்தத் துயரத்திலிருந்து எழுந்ததுதான் பாங்காக்கின் பாஸ்டர் நிறுவனம். நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் அப்படியே. 1902-இல் ஓர் ஆங்கிலேயப் பெண் ரேபீஸால் இறந்தார், 1907-இல் நிறுவனம் வந்தது. பாங்காக்கில் பிறகு மன்னர் ஆறாம் ராமா, தன் தாயார் ராணி சவோவபாவின் நினைவாகப் புதுக் கட்டடத்துக்குப் பணம் கொடுத்தார். 1922 டிசம்பரில் கட்டடம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பாம்புப் பண்ணையும் வந்துவிட்டது. பிரேசிலின் புட்டன்டன் நிறுவனத்துக்குப் பிறகு இந்த வகையில் உலகின் இரண்டாவது பண்ணை என்கிறார்கள்.

விஷம் எடுக்கும் அறைக்குள் போகும் முன்பே பேச்சை நிறுத்தச் சொன்னார்கள். உள்ளே இரண்டு பேர். ஒருவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும், மற்றவர் இளைஞர். தனியாக யாரும் பாம்பைத் தொடுவதில்லை, எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் சரி.

முதலில் வந்தது கண்ணாடி விரியன், நம் ஊரில் இருப்பதற்கு நெருங்கிய இனம். பெட்டி மூடி அசைந்ததும் பிரஷர் குக்கரிலிருந்து ஆவி பீறிடுவதுபோல ஒரு சீற்றம். பெரியவர் அவசரப்படவில்லை. சீற்றம் அடங்கும்வரை நின்றார். பிறகு கொக்கியால் தூக்கி மெத்தென்ற விரிப்பில் கிடத்தி, தலையைக் கொக்கியால் லேசாக அமர்த்தி, மூன்று விரல்களால் பிடித்தார். கட்டைவிரலும் நடுவிரலும் தாடையின் இரு பக்கத்தில், ஆள்காட்டி விரல் உச்சந்தலையில். அந்தப் பிடியில்தான் எல்லாம் இருக்கிறது. இறுக்கினால் தாடை நசுங்கும், கழுத்துத் தசை கன்றும். தளர்த்தினால் தலை திரும்பும். விரியனின் நச்சுப்பல் நீளமானது. வாய் மூடியிருக்கும்போதே தன் கீழ்த்தாடையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, பிடித்திருக்கும் விரலைத் தொட்டுவிடக்கூடும். ஆகவே விரல் எங்கே இருக்க வேண்டும் என்பதைவிட, எங்கே இருக்கக் கூடாது என்பதைத்தான் பழகுபவர்கள் முதலில் கற்கிறார்கள்.

இளைஞர் உடலைத் தாங்கிக்கொண்டார். உடல் தொங்கினால் கனம் முழுவதும் கழுத்தில் விழுந்து முதுகெலும்பு பாதிக்கப்படுமாம். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பில் மேல்தாடை படிந்ததும், மடங்கிக் கிடந்த பற்கள் இரண்டும் நிமிர்ந்தன. அவற்றை மூடியிருந்த சதை உறை பின்னுக்குச் சுருண்டது. கிண்ணத்தின் உட்சுவரில் மஞ்சள் திரவம் கெட்டியாக இறங்கியது. நாங்கள் எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரியவர் அதைப் பார்க்கவே இல்லை. அவர் கண் பாம்பின் வாய்க்குள் இருந்தது. ஈறு சிவந்திருக்கிறதா, பல் ஒடிந்திருக்கிறதா, புண் ஏதும் உண்டா? எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, பஞ்சில் கிருமிநாசினி தொட்டு வாயோரத்தில் வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

அடுத்த வேலை பாம்பைத் திரும்ப விடுவது. பிடிப்பதுதான் ஆபத்து என்று நாங்கள் நினைத்திருந்தோம். எங்களுக்கு மொழிபெயர்த்த தாய்லாந்து மருந்தாளுநர் சொன்னார்: கடி வாங்குபவர்களில் பலர் விடும்போதுதான் வாங்குகிறார்கள். பாம்புக்கு அப்போது கோபம் உச்சத்தில் இருக்கும், மனிதனுக்கு வேலை முடிந்தது என்ற நிம்மதி வந்திருக்கும். முதலில் வால், பிறகு உடல், கடைசியில் தலை. தலை பெட்டியின் தரையைத் தொட்டதும் கை ஒரே வீச்சில் வெளியே வர வேண்டும். தயங்கவும் கூடாது, உதறவும் கூடாது. உதறினால் பாம்புக்கு அடிபடும். அடிபட்ட பாம்பு தீனி எடுக்காது. பெரியவரின் கை வெளியே வந்ததை நான் பார்த்தேனா என்றுகூட எனக்குச் சந்தேகம், அவ்வளவு சுருக்கு. மூடி விழுந்த ஓசைதான் கேட்டது.

கட்டுவிரியன் வந்தபோது கிண்ணத்தில் சேர்ந்தது மிகக் கொஞ்சம். ஒரு முறைக்கு உலர்ந்த எடையில் பத்து, இருபது மில்லிகிராம் தேறினாலே அதிகம். அதற்காகவும் அதே பிடி, அதே சோதனை, அதே நிதானம். மேலே போய் ஆய்வகத்தைப் பார்த்தோம். விஷத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். உறைய வைத்து, வெற்றிடத்தில் உலர்த்தினால் செதில்களாக நிற்கிறது. அதை மிகச் சிறிய அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குதிரைகளுக்கு ஏற்றுகிறார்கள். குதிரைப் பண்ணை நகரத்தில் இல்லை, தெற்கே ஹுவா ஹின் பக்கம். குதிரையின் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் உருவானதும் பிளாஸ்மாவைப் பிரித்து, பெப்சின் நொதியால் புரதத்தை நறுக்கித் தேவையான பகுதியை மட்டும் சுத்திகரித்துக் குப்பியில் அடைக்கிறார்கள். இந்தப் பகுதி எங்கள் பாடப்புத்தகத்தில் விரிவாக இருக்கிறது. அதற்கு முந்தைய கட்டத்துக்கு 'விஷம் சேகரிக்கப்படுகிறது' என்ற ஒரே வாக்கியம்தான். யார் சேகரிக்கிறார்கள் என்பதை அந்த வாக்கியம் சொல்வதில்லை. எனக்கு அது இப்போது பெரிய குறையாகப் படுகிறது.

அங்கே ஒவ்வொரு பாம்புக்கும் தனித்தனி மருந்து உண்டு: நாகம், ராஜநாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், பாங்காக் நகருக்குள்ளேயே அதிகம் கடிக்கும் பச்சை விரியன் என்று. அதைக் கொடுக்க, கடித்தது எது என்று மருத்துவர் கண்டுபிடித்தாக வேண்டும். நம் நாட்டில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்து. அடையாளம் தெரியாமல் வயல்காட்டிலிருந்து தூக்கிவரும் நோயாளிக்கு அது வரம். ஆனால் நான்கைத் தாண்டி வேறு பாம்பு கடித்தால் அந்தக் குப்பி பல நேரங்களில் உதவாது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. உலகம் முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எண்ணிக்கை ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 வரை. அப்படியிருந்தும் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் பாம்புக்கடிக்கு உரிய இடம் கிடைத்தது 2017-இல்தான்.

அதே பாங்காக் வளாகத்தில் நாய்க்கடிப் பிரிவும் இருக்கிறது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனையில் நாய்க்கடி ஊசி போட்டுக்கொண்ட யாரும் இந்த இடத்துக்குக் கடன்பட்டவர்கள். முழுக் குப்பியையும் தசையில் செலுத்தாமல், 0.1 மில்லிலிட்டர் வீதம் இரண்டு இடத்தில் தோலுக்குள்ளேயே போடும் முறையை இங்கேதான் உருவாக்கினார்கள். நம்மிடம் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடும் அட்டவணை அதன் திருத்திய வடிவம். ஒருவருக்கான குப்பி சிலருக்குப் போதுமானதாகிறது. ஏழை நாடுகளுக்கு இதைவிடப் பெரிய உதவி எது? ஆனால் இதற்கும் கை வேண்டும். ஊசி தோலுக்குள் நிற்க வேண்டும், அடியில் இறங்கக் கூடாது. சரியாகப் போட்டால் சின்னதாக ஒரு புடைப்பு எழும். எழவில்லை என்றால் மறுபடி போட வேண்டும். செவிலியர் ஒருவர் ஒரு சிறுவனின் இரு தோள்களிலும் போட்டதைப் பார்த்தோம். அவன் அழத் தொடங்குமுன் இரண்டு புடைப்பும் எழுந்துவிட்டன.

மாலையில் பாம்புக்காரர்கள் இருவரும் எங்களுடன் உட்கார்ந்தார்கள். பண்ணையிலேயே இனப்பெருக்கம் செய்து வளர்க்கும் கண்ணாடி விரியன்களைப் பற்றிப் பெரியவர் நிறையச் சொன்னார். முட்டையிடாமல் குட்டி போடும் இனம், குட்டிகள் முதல் தீனி எடுக்கும்வரை தனக்கும் சாப்பாடு இறங்காது என்றார். நாங்கள் எங்கள் ஊரில் பாம்பு பிடிக்கும் பழங்குடியினரான இருளர்களைப் பற்றிச் சொன்னோம். 1972-இன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வணிகம் நின்று, பிழைப்பு போன மக்கள். 1978-இல் பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரின் துணையோடு தங்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தவர்கள். இந்திய விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி அவர்கள் எடுத்துத் தருவது. பிடித்த பாம்பைச் சில வாரம் வைத்திருந்து, வாரம் ஒருமுறை வீதம் நான்கு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள் என்றதும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மொழிபெயர்ப்பாளரை இரண்டு முறை கேட்க வைத்தார். மண்ணில் இருக்கும் அடையாளங்களை வைத்தே பாம்பு போன தடத்தைக் கண்டுபிடிப்பவர்கள் என்று சொன்னபோது, தன்னால் அது முடியாது என்று தலையசைத்தார்.

ஊர் திரும்பியதும் நாங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் சங்கத்துக்குப் போனோம். சென்னையிலிருந்து பேருந்து ஏறினால் போய்விடலாம். இத்தனை நாள் போகாமலிருந்த இடம் அது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோதுதான் எங்களில் பலர் அந்தச் சங்கத்தின் பெயரையே கேள்விப்பட்டிருந்தோம். மணல் பரப்பிய குழிக்குள் மண்பானைகள் வரிசையாக இருந்தன. வாயில் துணி கட்டி, ஒவ்வொன்றிலும் பாம்பு. அங்கிருந்த ஓர் அண்ணனிடம் பாங்காக் படங்களைக் காட்டினேன். கிண்ணத்தையோ கருவிகளையோ அவர் கவனிக்கவில்லை. பிடித்திருந்த விரல்களைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நல்லாப் புடிச்சிருக்காரு. இறுக்கல. ஆமா தம்பி, அங்க எதுல வெச்சிருக்காங்க, பானையிலயா?"

"இல்லண்ணே, பெட்டியில."

"பெட்டியா? இந்த வெயிலுக்குச் சூடேறாதா?"

உள்ளே குளிர்சாதன வசதி இருக்கிறது என்றேன். யோசித்தார். பிறகு பெட்டியின் மூடி பக்கவாட்டில் திறக்குமா மேலே திறக்குமா, காற்றுக்கு எங்கே ஓட்டை, தண்ணீர் எதில் வைக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். பாதிக்கு என்னிடம் பதில் இருந்தது. மீதியைப் பாங்காக் மருந்தாளுநருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.