கண்ணாடிக்கு முன்னால் கணக்கு

தாராவி என்றால் தோல், மண்பாண்டம், பழைய பிளாஸ்டிக் என்றுதான் எழுதுவோம், நானும் எழுதியிருக்கிறேன். “எக்ஸ் கதிர்க் கருவியைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே கட்டி ஓட்டிப் பார்க்கிற பையன் ஒருத்தன் அங்கே இருக்கான், போய்ப் பாருங்க” என்றார் செம்பூர் நண்பர். 90 அடி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. தோல் பைப் பட்டறைக்கு மேலே, இரும்புப் படியேறினால் அந்தப் பையனின் அறை.

தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிட வந்தவர். அப்பா கீழே பை வெட்டுகிறார். மகன் இயற்பியலில் எம்.எஸ்ஸி. பழைய சாமான் விலைக்கு வாங்கிய கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்திருந்தார். நமக்குக் காற்று இல்லை.

அவர் வேலை புரிய இந்தூரிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே, ராஜா ராமண்ணா மையத்தில், இன்டஸ்-2 இருக்கிறது. 172 மீட்டர் சுற்றளவுள்ள வளையம். அதில் 2.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு சுற்றும் எலக்ட்ரான்கள் வளையும்போது எக்ஸ் கதிரை உமிழ்கின்றன. அந்தக் கதிரைப் பிடித்து ஆய்வுக்கு இழுத்துவரும் பாதைகள் சிலவற்றை நடத்துவது செம்பூருக்கு அடுத்த டிராம்பேயில் இருக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையம். அதுபோன்ற ஒரு பாதையைத்தான் ஒரு ஆராய்ச்சி மாணவருக்காகத் தம்பி திரையில் கட்டிக்கொண்டிருந்தார். மென்பொருளின் பெயர் மெக்‌ஸ்ட்ரேஸ். டென்மார்க்கில் பிறந்தது, இலவசம். கதிர் மூலம், பிளவு, கண்ணாடி, படிகம், உணரி என்று ஒவ்வொன்றுக்கும் சில வரிகள். பிறகு பத்து லட்சம் கதிர்களை அவிழ்த்துவிடுகிறார். ஒவ்வொன்றும் எங்கே, எந்தக் கோணத்தில் கிளம்பும் என்பதைத் தற்செயல் எண்கள் முடிவு செய்யும். 1946இல் நோயிலிருந்து தேறிவந்த ஸ்டானிஸ்லாவ் உலாம் தனியாகச் சீட்டாடும்போது தோன்றிய யோசனையிலிருந்து வளர்ந்த முறை இது. முதலில் பயன்பட்டது அணுகுண்டுக் கணக்குகளுக்கு.

படிகத்தின் கோட்பாட்டையும் விளக்கினார். அதை விட்டுவிடுகிறேன். என்னைப் பிடித்துக்கொண்டது கண்ணாடி.

எக்ஸ் கதிர் நேராக விழுந்தால் கண்ணாடிக்குள் புகுந்துவிடும். உரசினாற்போல் விழுந்தால்தான் திரும்பும். “0.2 டிகிரி வைங்க அண்ணாச்சி. ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள கற்றை கண்ணாடி மேலே கிட்டத்தட்ட 29 சென்டிமீட்டருக்குப் படுத்துரும்.” அந்த நீளம் முழுக்க வழவழப்பாக இருக்க வேண்டும், விலை அங்கேதான் ஏறுகிறது. அவர் ஒரே ஒரு எண்ணை மாற்றினார்: பரப்பின் சாய்வில் 5 மைக்ரோரேடியன் பிழை. பிரதிபலிக்கும்போது பிழை இரட்டிக்கும். பத்து மீட்டர் தள்ளி அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. திரையில் கூர்மையாக இருந்த புள்ளி உடனே கலங்கிப் பரவியது. “அப்பா தோலை வெட்டுமுன்னாடி அட்டையை வெட்டிப் பாப்பாரு. அதேதான் இது.”

கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்குமா என்று கேட்டேன்.

“நான் குடுக்காத பிழையை அது காட்டாது அண்ணாச்சி. சூட்டுல படிகம் லேசாப் புடைக்கும், மேடை அதிரும். அதையெல்லாம் நான் எழுதலைன்னா எல்லாம் நல்லாத்தான் தெரியும்.” தற்செயல் எண்களால் படத்தில் வரும் இரைச்சலைப் பாதியாக்க நாலு மடங்கு கதிர் வேண்டும், பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு. அத்தனை நேரம் ஓடும் கம்ப்யூட்டரின் மின்கட்டணம் அப்பா தலையில்.

முன்பு ஓர் ஆய்வகத்தில் ஒப்பந்தக்காரர் மூலம் இதே வேலையைப் பார்த்தார். இங்கே எனக்குக் கோபம் வருகிறது. அந்த ஒப்பந்தக்காரருக்குக் கதிரும் தெரியாது, கண்ணாடியும் தெரியாது. ஆளைக் கொண்டுவந்து விட்டதற்காக அந்த ஆள் மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பங்கை நறுக்கிக்கொண்டிருக்கிறார். டென்மார்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதியதைச் சும்மா கொடுக்கிறார்கள். அதை ஓட்டுகிற பையனின் கூலியில் கைவைக்க நம்மூரில் ஒருவர் முளைத்துவிடுகிறார். தோல் பட்டறையிலும் இப்படியொரு முகவர் உண்டு. அப்பாவைக் கேட்டால் விலாவாரியாகச் சொல்வார்.

இப்போது தம்பி மாணவர்களுக்கு நேரடியாகச் செய்து கொடுக்கிறார். கூலியில் ஒரே ஒரு விதி: “கண்ணாடிக்கு ஆர்டர் போட்டுட்டு அப்புறமா கணக்குப் போடச் சொல்லி வர்றவங்களுக்கு டபுள் ரேட்டு.”