உறைபனிக்கு முந்திய பின்னேரம்: ஸ்காபரோவில் ஒரு பின்வளவு

பின்வளவுக் கதவைத் திறந்தபோது அன்ரி கத்தரி வரிசைக்குள் குனிந்து நின்றார். தலையில் கம்பளித் தொப்பி, வீட்டுச் சட்டைக்கு மேலே மகனுடைய பழைய ஜக்கெற், கையில் கத்தரிக்கோல். "வா பிள்ளை, நல்ல நேரத்தில வந்தாய். உந்த வாளியை எடு" என்றார். தேத்தண்ணி வேலை முடிந்த பிறகுதான் என்பது சொல்லாமலே விளங்கியது.

ஒக்டோபர் மாதத்தின் நடுப்பகுதி. நன்றி நவிலல் நாள் விடுமுறை முடிந்திருந்தது. கனடாவின் காலநிலை அலுவலகம் காலையிலேயே உறைபனி எச்சரிக்கை விட்டிருந்தது. இரவில் வெப்பநிலை 2 பாகைக்கு இறங்கும் என்றது அறிக்கை. 2 பாகையில் தண்ணீர் உறையாதே, பிறகேன் எச்சரிக்கை என்று பலர் கேட்பார்கள். அறிக்கையில் வரும் எண் நிலத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் உயரத்துக்குரியது. முகிலும் காற்றும் இல்லாத இரவில் நிலத்தின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது; அது கீழே வந்து படுத்துக்கொள்ளும். மேலே 2 பாகை இருக்கும்போதே இலை மட்டத்தில் பூச்சியத்துக்குக் கீழே போய்விடலாம்.

அங்கிள் கைத்தொலைபேசியைப் பார்க்கவில்லை. வேலியோரம் நின்று வானத்தைப் பார்த்தார். "முகில் ஒண்டும் இல்லை. காத்தும் விழுந்திட்டுது. இண்டைக்கு வரும்." வளவின் அடிப்பக்கம் சற்றுச் சரிவு. குளிர் முதலில் தேங்குவது அங்கேதான். அந்த மூலையில் இருந்த பூசணி இலைகளின் ஓரம் முன்னொரு இரவிலேயே கருகியிருந்தது. வீட்டுச் சுவரோடு நின்ற மிளகாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே வளவுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம். ஒன்ராறியோ ஏரிக் கரையோரம் இருப்பவர்களுக்கு இன்னும் சில நாட்கள் கிடைக்கும், ஏரி கோடையில் வாங்கிய சூட்டை மெதுவாகத்தான் விடும். இந்த வீடோ ஏரியிலிருந்து நன்றாக வடக்கே தள்ளி இருக்கிறது.

இங்கே தோட்டக்காரர்களின் காலம் மே மாதம் விக்டோரியா தினத்தை ஒட்டித் தொடங்கி ஒக்டோபரில் முடிகிறது. ஐந்து மாதம்கூட முழுதாக இல்லை. அதற்குள் யாழ்ப்பாணத்து வளவில் காய்ப்பதையெல்லாம் காய்க்க வைக்கப் பார்ப்பது ஒருவகைப் பிடிவாதம்தான். அந்தப் பிடிவாதம் ஸ்காபரோவில் தெருவுக்குத் தெரு இருக்கிறது.

நான் கரட் பாத்தியை நோக்கிப் போனேன். மண்ணுக்கு மேலே செம்மஞ்சள் தோள்கள் தெரிந்தன, பிடுங்குவது சுலபம். "உதை விடு. அது எங்கையும் போகாது" என்று அன்ரி தடுத்தார். உறைபனி எச்சரிக்கை வந்ததும் ஆட்கள் முதலில் ஓடுவது கரட்டுக்கும் லீக்ஸுக்கும்தான். கையில் பாரமாக ஏதோ சேர்ந்துவிட்ட திருப்தி கிடைக்கும். ஆனால் அவை இரண்டும், கேல் கீரையும், குளிர் தேசத்துப் பயிர்கள். குளிர் கூடும்போது மாப்பொருளைச் சீனியாக மாற்றிக்கொள்ளும். சீனி கரைந்த சாறு இலகுவில் உறையாது. நமக்கு அதனால் வரும் லாபம் இனிப்பு. ஒக்டோபர் முடிவில் கிண்டிய கரட்டைச் சாப்பிட்டவர்கள் ஓகஸ்ட் கரட்டைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பாத்திக்கு மேலே காய்ந்த மேப்பிள் இலைகளை ஓர் அடி உயரத்துக்குக் குவித்துவிட்டால் நிலம் இறுகும்வரை தேவைக்கேற்பப் பிடுங்கலாம்.

காப்பாற்ற வேண்டியது வெப்பநாட்டுக்காரரை. கத்தரி, வெண்டி, மிளகாய், பயிற்றை, பாவல், தக்காளி, பசளி ஆகிய எல்லாம் ஒரே இரவில் முடிந்துபோகும். அன்ரியின் ஒழுங்கு கறாரானது. முதலில் கத்தரி. பெரிது சின்னது பார்க்காமல், விரலளவு பிஞ்சு உட்பட, காம்போடு வெட்டினோம். கத்தரிக்காயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக்கூடாது, 10 பாகைக்குக் கீழே அதன் தோலில் குழி விழும், உள்ளே விதை கறுக்கும். அன்றிரவே வெட்டிப் பொரித்துப் பைகளில் போட்டு டீப் பிரீசருக்குள் வைத்துவிடுவார். பெப்ரவரியில் பால்கறி வைக்க அது போதும்.

மிளகாயை அங்கிள் ஆய்வதில்லை. செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, பேஸ்மன்ற் உத்தரத்தில் தலைகீழாகக் கட்டிவிடுகிறார். முற்றிய காய்கள் அங்கேயே மெல்லச் சிவந்து உலரும். பச்சையாக மிஞ்சுபவை மோர்மிளகாய்க்கு. தயிரும் உப்பும் சேர்த்து ஊறவைப்பதில் பிரச்சினை இல்லை, காயவைக்க வெயிலுக்கு எங்கே போவது? சூடாக்கியின் காற்று வரும் துவாரத்துக்கு முன்னால் தட்டை வைத்துவிடுகிறார்கள். வீடு முழுக்க மிளகாய் வாசம் அடிக்கும் என்று மருமகள் முறைப்பாடு. எனக்கு அது முறைப்பாடாகத் தெரியவில்லை.

தக்காளியில்தான் அதிக நேரம் போனது. செடி நிறையப் பச்சைக் காய்கள். எல்லாம் பழுக்கும் என்று அள்ளிக்கொண்டு போவதில் பயனில்லை. முழு அளவுக்கு வளர்ந்து, கரும்பச்சை போய் வெளிறி, தோல் பளபளப்பாக இருப்பவைதான் பழுக்கும். சந்தேகமாக இருந்தால் ஒன்றை வெட்டிப் பார்க்கலாம்: விதையைச் சுற்றி வழுவழுப்பான சாறு கட்டியிருந்தால் அது முற்றிய காய். கத்தி விதையைச் சேர்த்தே வெட்டினால் பிஞ்சு. அது கறிக்குப் போகும். தேங்காய்ப்பால் விட்ட பச்சைத் தக்காளிக் கறிக்காகவே பிஞ்சு வரட்டும் என்று நினைப்பவன் நான்.

பழுக்க வைப்பவற்றை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் ஒரே தட்டாகப் பெட்டியில் வைத்தோம். யன்னல் வெயிலில் வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வெளிச்சம் தேவையில்லை, சூடுதான் தேவை. 18 முதல் 21 பாகை போதும். 10 பாகைக்குக் கீழே போனால் சுவை கெடும். நடுவில் ஒரு பழுத்த வாழைப்பழம் வைத்தால் அதிலிருந்து வரும் எதிலீன் வாயு மற்றவற்றையும் சேர்த்துப் பழுக்க வைக்கும். கறுப்புப் புள்ளி விழுந்த ஒரு காயை அன்ரி தூக்கி எறிந்தார். "இது ஒண்டு போதும், பெட்டியை நாசமாக்க."

மனம் வருந்தியது அவரையைப் பார்த்துத்தான். வேலி முழுவதும் ஊதாப் பூ, காய் ஒரு பிடிகூட இல்லை. நமது பழைய அவரை இனங்கள் பல பகல் குறுகினால்தான் பூக்கும். இங்கே கோடையில் பகல் மிக நீளம், ஆகையால் கொடி ஓகஸ்ட் வரை இலை இலையாக வளர்ந்துவிட்டு செப்ரெம்பரில் பூக்கத் தொடங்கும். காய் பிடிக்கும் நேரம் உறைபனி வந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் இதே கதை என்று தெரிந்தும் அங்கிள் நடுகிறார். "பூவைப் பாக்கிறதுக்கு" என்றார். எனக்கு அது சரியான காரணமாகப் படவில்லை. அந்த வேலியில் இன்னும் இரண்டு பயிற்றை விட்டிருக்கலாம்.

பாவல் கொடியில் விதைக்கென்று விட்ட காய் செம்மஞ்சளாகி வெடித்துச் சிவந்த சதை தெரிந்தது. சதையைக் கழுவி விதையைக் கடதாசியில் பரப்பினார் அன்ரி. பயிற்றைக்கும் அப்படியே, காய்ந்து மஞ்சளான நெற்றுகள் ஓர் உறைக்குள். உறையில் பெயரும் ஆண்டும் எழுதியிருந்தது.

பூசணியைக் காம்பு நாலு விரல் நீளம் விட்டு வெட்டவேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்கக்கூடாது. காம்பு முறிந்தால் அந்த இடத்தால் அழுகல் இறங்கும். பத்து நாள் சூடான இடத்தில் வைத்துத் தோலை இறுக விட்டு, பிறகு பேஸ்மன்ற்றின் குளிர்ந்த மூலைக்கு மாற்றினால் மாதக்கணக்கில் இருக்கும். உறைபனி பட்ட பூசணி அப்படி நிற்காது.

கறிவேப்பிலைச் சாடியும் முருங்கைச் சாடியும் செப்ரெம்பரிலேயே உள்ளே போய்விட்டன. இரவு 10 பாகைக்குக் கீழே போகத் தொடங்கியதும் அவற்றை எடுத்துவிடவேண்டும். உள்ளே வந்ததும் முருங்கை இலையைக் கொட்டி மொட்டையாக நிற்கும். பயந்து தண்ணீர் ஊற்றுகிறவர்கள்தான் அதைக் கொல்கிறார்கள்.

இருட்டும்போது அங்கிள் பழைய கட்டில் விரிப்புகளைக் கொண்டுவந்து ஒரு வரிசைத் தக்காளியை மூடினார். விரிப்பு நிலம்வரை தொங்கவேண்டும், மண்ணிலிருந்து எழும் சூட்டைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. பிளாஸ்ரிக் வேண்டாம், அது தொட்ட இலை கருகும். நான் இதில் அவரோடு முழுதாக உடன்படவில்லை. அடுத்த வாரம் 15 பாகை வெயில் வரும் என்றால் மூடுவதில் அர்த்தம் உண்டு. அன்று அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் விரிப்பு மடிப்பதுதான் மிச்சம்.

மறுநாள் காலை அன்ரி தொலைபேசியில் சொன்னார்: கத்தரி இலைகள் விடியும்போது கண்ணாடிபோல விறைத்து நின்றனவாம், வெயில் பட்டதும் கறுத்துத் தொங்கிவிட்டனவாம். உயிரணுக்களுக்கிடையே உறைந்த பனிக்கட்டி அவற்றைச் சிதைத்த பிறகு இலை நிமிராது. விரிப்புக்குள் இருந்த தக்காளி தப்பிவிட்டது. அங்கிள் அதை இரண்டு தரம் சொல்லச் சொன்னாராம்.

வெறுமையான கத்தரிப் பாத்திக்குள் இனிப் போவது பூண்டு. கூர்முனை மேலே, இரண்டு அங்குல ஆழம், ஒரு சாண் இடைவெளி, மேலே இலைச்சருகு. குளிர் பட்டால்தான் நட்ட ஒற்றைப் பல் பல பற்களுள்ள பூண்டாகப் பிரியும். கடையில் வரும் இறக்குமதிப் பூண்டை நடாதீர்கள். உழவர் சந்தையில் ஒன்ராறியோவில் விளைந்த பூண்டை வாங்கி, பெரிய பற்களாகத் தெரிந்து, நிலம் இறுகுமுன் நட்டுவிடுங்கள். ஜூலையில் கிண்டலாம்.