212 எம்பி

சக ஊழியர் ஒருவரிடம் தெரிந்தே பொய் சொன்னேன். அதைவிட மோசம், அந்தப் பொய் பாதி உண்மையாகவும் இருந்தது.

எங்கள் கேவிஎம் சர்வர்களில் விர்ச்சுவல் மெஷின் உருவாக்கும் எக்ஸ்எம்எல் டெம்ப்ளேட் நான் எழுதியது. மெமரி அளவை 3 என்றும், அலகை 'ஜிபி' என்றும் போட்டிருந்தேன். லிப்விர்ட்டில் 'ஜிபி' என்றால் நூறு கோடி பைட். நாம் மனதில் வைத்திருக்கும் 1024 கணக்கு வேண்டுமென்றால் 'ஜிஐபி' என்றோ வெறும் 'ஜி' என்றோ எழுத வேண்டும். ஆவணத்தில் தெளிவாகவே இருக்கிறது, நான் படிக்கவில்லை. ஆக, அந்த 1024 கணக்கில் 3072 எம்பி போக வேண்டிய இடத்துக்கு 2861 எம்பிதான் போய்க்கொண்டிருந்தது. மெஷின்களும் முணுமுணுக்காமல் ஓடின.

பிறகு அவற்றை விஎம்வேருக்கு மாற்றும் வேலை வந்தது. விஎம்வேரில் மெமரி அளவு 4 எம்பியின் மடங்காக இருக்க வேண்டும். 2861-ஐப் பார்த்ததும் எர்ரர் கொடுத்தது.

அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். 3 ஜிபி மெஷினுக்கு 2861 என்ற ஒற்றைப்படை எண் எங்கிருந்து வந்தது? யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேறு. எண்ணின் கடைசி இரண்டு பிட்டையும் துடைத்துவிட்டால் 4-இன் மடங்கு வந்துவிடும். மெஷின்களை மாற்றும் ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன். 2860. எர்ரர் போய்விட்டது. துடைப்பதற்கு முன் 3-ஐக் கூட்டியிருந்தால் 2864 ஆகியிருக்கும், கேட்டதற்குக் குறையாமல் கொடுப்பதுதான் முறை. லிப்விர்ட்டும் மேல்நோக்கித்தான் திருத்துகிறது. எனக்கு அன்று எப்படியாவது கடந்தால் போதும் என்றிருந்தது.

கீழே வெட்டியதில் போனது 1 எம்பிதான். மீதி 211 அலகில் போனது. அதைக் காட்டிக்கொடுக்க வந்த ஒரே எச்சரிக்கையின் வாயைத்தான் நான் அடைத்தேன்.

சில வாரம் கழித்து டெஸ்டிங் டீமில் இருந்த பையன் வந்தான். "அண்ணா, 3 ஜிபி கேட்டேன், ஃப்ரீ கமாண்ட் அடிச்சா ரெண்டே முக்கால்கூட வரலையே? டேட்டாபேஸை ஓஓஎம் கில்லர் அடிச்சிருக்கு."

"கர்னல் தனக்குன்னு கொஞ்சம் எடுத்துக்கும்பா, அதான்" என்றேன்.

எடுத்துக்கொள்ளும்தான். ஃப்ரீ காட்டும் மொத்தம், ஒதுக்கிய அளவைவிட எப்போதும் சற்றுக் குறைவாகவே இருக்கும். அதனால் அவனும் நம்பிவிட்டான், டேட்டாபேஸின் பஃபரைக் குறைத்துக்கொண்டு போனான். அவன் கேட்கும்போதே எனக்கு 2860 ஞாபகம் வந்துவிட்டது என்பதுதான் உண்மை. அன்று ராத்திரி உட்கார்ந்து வகுத்துப் பார்த்தபோது முழுக் கணக்கும் புரிந்தது.

டெம்ப்ளேட்டில் அலகை மாற்றினேன், ஸ்கிரிப்டில் 3-ஐக் கூட்டினேன். கமிட் மெசேஜில் 'சிறு திருத்தம்' என்று எழுதினேன். புதிய மெஷின்களுக்கு 3072 கிடைக்கிறது. பழையவை இன்னும் 2860-இல்தான் ஓடுகின்றன. ஹாட் ஆட் வசதியை முன்பே இயக்கி வைக்காததால், அணைத்துவிட்டுத்தான் மெமரியைக் கூட்ட முடியும். அணைக்க டவுன்டைம் கேட்க வேண்டும். அந்த டிக்கெட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. இதுவரை நான் டிக்கெட் போடவில்லை.