பிள்ளையார்பாளையத்தில் ஒரு மிதக்கும் பந்து

பந்தை அந்தரத்தில் மிதக்கவிடும் வித்தைக்கு இரண்டு வழிகள் உண்டு: இழை வழி, துணி வழி. இரண்டுக்கும் நல்ல பட்டு வேண்டும். இந்த முறை என் நிகழ்ச்சிக்கு எதைத் தேர்வதென்று முடிவு செய்யவே காஞ்சிபுரம் போனேன். காந்தி சாலைக் கடைகளில் விற்கிற பட்டைப் பார்த்தால் போதாது, அது உருவாகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்குச் சென்றேன்.

இழை வழியை வளர்த்தெடுத்தவர் டேவிட் அபாட். அமெரிக்காவின் ஒமாஹா நகரில் கடன் கொடுக்கும் தொழில் நடத்தியவர். வித்தை காட்டியது தன் வீட்டுக் கூடத்தில். அதைப் பார்க்க கெல்லர், தர்ஸ்டன் போன்ற பெரும் மேடைக்காரர்களே அவர் வீடு தேடிப் போனார்கள். ஒகிட்டோ என்ற பெயரில் ஆடிய டச்சுக்காரர் தியோ பாம்பெர்க் வழியாகத்தான் அந்தப் பந்து உலக மேடைகளில் பேர் பெற்றது. துணி வழி பிந்தியது; 1943இல் ஜோ கார்சன் வெளியிட்ட ‘ஸோம்பி’. விரித்துப் பிடித்த சதுரத் துணியின் பின்னால் ஒளியும் பந்து, விளிம்பில் எட்டிப் பார்க்கும், ஓடும், துணியையே இழுத்துக்கொண்டு எழும்பும். அதன் சூட்சுமத்தை இங்கே எழுத மாட்டேன். அதை விற்றுப் பிழைக்கிறவர்களும் ஆடிப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அந்தரத்தில் நிற்பது நம் ஊருக்குப் புதிதில்லை. 1830 வாக்கில் சென்னையில் ஷேஷால் என்பவர், ஒரு கை மட்டும் ஒரு தண்டின்மேல் பட்டிருக்க, காற்றில் உட்கார்ந்து காட்டினார். 1832இல் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்று அதைப் படத்தோடு வெளியிட்டது. உட்காரும் முன்னும் இறங்கும் முன்னும் அவரைச் சுற்றி ஒரு போர்வை பிடிக்கப்பட்டது. அங்கேயும் வேலையில் பாதியைச் செய்தது துணிதான்.

நான் போன வீட்டில் முன்கூடம் முழுக்கத் தறி. குழிக்குள் கால் தொங்கவிட்டு நெசவாளர் மிதித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய அம்மா இராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். வந்த காரியத்தைச் சொன்னதும், “மேஜிக்குக்கு நூலா?” என்று அந்த அம்மா கேட்டார். கேட்டபடியே கை சுற்றிக்கொண்டிருந்தது. இடது கையின் இரு விரல்களுக்கு நடுவே இழை ஓடுகிறது. இறுக்கிப் பிடித்தால் அறும், தளரவிட்டால் தாரில் தொளதொளவென்று விழுந்து நாடாவுக்குள் சிக்கும். விரல் அந்த இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் நிற்கிறது. இழையில் பந்தை நிறுத்துகிறவன் வருடக்கணக்கில் தேடுவது அந்த இடத்தைத்தான்.

கச்சாப் பட்டையும் சாயமேறிய பட்டையும் அருகருகே வைத்துக் காட்டினார்கள். வழக்கமான 20/22 டெனியர் கச்சா இழை 9,000 மீட்டர் எடுத்து நிறுத்தால் 20 முதல் 22 கிராம்தான் இருக்கும். அவ்வளவு மெல்லிய இழைக்குள்ளேயே ஏழெட்டுக் கூடுகளின் நூல் சேர்ந்திருக்கிறது. சோப்புத் தண்ணீரில் காய்ச்சிப் பசையை எடுக்கும்போது எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். அப்புறம்தான் பட்டு மின்னும். பட்டு நாரின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணம்; ஒளியை வாங்கித் திருப்பி அடிக்கும். புடவைக்கு அந்த மினுக்குதான் விலை. எனக்கோ அதுவே பகை. பசை போகாத மங்கலான இழைதான் என் கண்ணுக்கு அழகாகத் தெரிந்தது.

அப்போது பாவில் ஒரு இழை அறுந்தது. நெசவாளர் மிதிப்பதை நிறுத்திவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் பாவின்மேல் சரிந்து விழும் கோணத்தில் பார்த்தார். அத்தனை இழைகளுக்கு நடுவே அறுந்தது எதுவோ அதையே விரல் நேராகப் போய்த் தொட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுந்தால் இழை மறையும் என்பதுதான் என் பாடம். எந்தப் பக்கமிருந்து விழுந்தால் தெரியும் என்பது அவருடைய பாடம். பாடம் ஒன்றுதான், படிக்கிற பக்கம் வேறு.

என் பையில் இருந்த எடையில்லாத பந்தை எடுத்து அந்தக் கூடத்திலேயே ஆடிக் காட்டினேன். பகல் வெளிச்சம், இரண்டடி தூரம். அந்த அம்மா மகனைப் போலவே தலையைச் சாய்த்தார். “தோ, நூலு தெரியுதே” என்றார். நிறுத்தப் போனேன். “நிறுத்தாத கண்ணு, பந்து எப்படி நிக்குதுன்னு பாக்கணும்” என்றார். இராட்டை நின்றது. பந்து என் கையைவிட்டு முன்னே போய்த் தயங்கித் திரும்பும்வரை அவர் பார்வை இழைமேல் இல்லை, பந்தின்மேல்.

லாஸ் வேகாஸில் வித்தைக்காரர் டெல்லர் ஆடும் சிவப்புப் பந்து நினைவுக்கு வந்தது. அபாட்டின் வித்தையிலிருந்து பிறந்தது அது. பந்து கூடவே வரும், கீழ்ப்படியும், வளையத்துக்குள் தாவும். தொடங்குவதற்கு முன்பே கூட்டாளி பென், இது வெறும் நூலால் செய்வது என்று அவையில் அறிவித்துவிடுகிறார். அவை அதற்குப் பிறகும் வாய் பிளக்கிறது. ரகசியம் தெரிந்துவிட்டால் வித்தை செத்துவிடும் என்று எங்கள் தொழிலில் பலர் நம்புகிறார்கள். நான் நம்பவில்லை. கைத்திறன் குறைந்த இடத்தில்தான் ரகசியம் அவ்வளவு பெரிதாகத் தேவைப்படுகிறது. கோர்வைப் புடவை நெய்வதை எதிரே உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்க்கலாம், யாரும் மறைப்பதில்லை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் சேரும் கோட்டில் நாடாக்கள் ஊடையோடு ஊடையைக் கோத்துவிட்டுத் திரும்புகின்றன. கண்ணால் கண்டும் எழுந்து வரும்போது வியப்பு ஒரு துளி குறையவில்லை.

ஆனாலும் என் நிகழ்ச்சி பெரிய அரங்கில், விளக்குகள் என் கையில் இல்லாத இடத்தில். அதனால் துணி வழியைத் தேர்ந்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். இழையில் ஆட ஒரே அறை, ஒரே விளக்கு, நீண்ட காலம் வேண்டும்.

துணி விஷயத்தில் நெசவாளர் கறாராக இருந்தார். புட்டா போட்ட துணியைத் தொடவே விடவில்லை. “பின்பக்கம் ஜரிகை தொங்கும் சார், பந்து மாட்டிக்கும்.” கனமான புடவைத் துணியும் ஆகாது, விறைத்து நின்றால் பந்து எழும்பும்போது துணி அலையாது. மெல்லிய துணியோ பின்னால் இருப்பதைக் காட்டிக் கொடுக்கும். ஜரிகையே இல்லாத, நெருக்கமாக அடித்த அரக்கு நிறத் துண்டு ஒன்றை எடுத்தார். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். விரல் நிழல்கூடத் தெரியவில்லை. இரு மூலைகளைப் பிடிக்கச் சொன்னதும், எப்படியென்று சொல்லாமலே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சரியாகப் பிடித்தார். நாள்தோறும் புடவை மடிக்கிற கை அது.

விளிம்பை அந்த அம்மாவே கையால் மடித்துத் தைத்துக் கொடுத்தார். கஞ்சி போடாதே, பெட்டி போட்டு மடித்து வைக்காதே, மடிப்புக் கோடு விழுந்தால் துணி அந்த இடத்தில் உடைந்து நிற்கும், குழலில் சுற்றியே வை என்றார். அப்படித்தான் வைத்திருக்கிறேன். காலையில் கண்ணாடி முன் அதைப் பிரிக்கும்போது துணி முதலிலேயே இழைந்து விழுகிறது. பந்து இல்லாமல் வெறும் துணியோடு ஒரு மணி நேரம், அதன் பிறகுதான் பந்து.