பாடி பட்டறையில் பி0420

சென்னையில் பாடி மேம்பாலத்தைச் சுற்றியுள்ள பகுதிக்கு மோட்டார் தொழில் புதிதல்ல. லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று வண்டிக்கான உறுப்புகளைச் செய்யும் ஆலைகள் 1960களிலேயே இங்கே வேரூன்றிவிட்டன. லூகாஸ் என்ற ஆலைப் பெயர் பேருந்து நிறுத்தத்துக்கே பெயராகிவிட்டது. ஆலைகள் உறுப்புகளைச் செய்தன. அவற்றைக் கழற்றிப் பூட்டும் கைகள் எம்டிஎச் சாலையின் பக்கத் தெருக்களில், தகரக் கூரைப் பட்டறைகளில் பழகின. அப்படிப்பட்ட ஒரு பட்டறைக்குத்தான் போயிருந்தேன். பி0420 என்ற பிழைக் கோடு (code) வந்தால் நல்ல மெக்கானிக் என்ன செய்கிறார் என்று நேரில் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

டேஷ்போர்டில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரிகிறது. ஸ்கேனரைச் செருகினால் இந்த எண் வருகிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் செயல்திறன் வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டது என்பது அதன் பொருள். "இந்தக் கோட்டைப் பார்த்தா பாதிப் பேரு பயந்து புது கன்வெர்ட்டர் மாட்டிடுறாங்க. மீதிப் பேரு கோட்டை அழிச்சிட்டுப் போயிடுறாங்க. என்னன்னு பாக்குறவங்க கம்மி சார்" என்றார் பட்டறைக்காரர். கார்புரேட்டர் காலத்தில் ஹெல்ப்பராகச் சேர்ந்து, காதால் எஞ்சினைக் கேட்டுத் தொழில் படித்தவர். அவருடைய உதவியாளர் அம்பத்தூர் அரசு ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படிப்பு முடித்த இளைஞர். ஸ்கேனர் இளைஞரின் கையில். தீர்ப்பு பெரியவரின் வாயில்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நம் ஊர்ச் சாலைக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. 1995 ஏப்ரல் முதல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயம் அதைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் அத்துடன் வந்தது. 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது. கன்வெர்ட்டரை வண்டியே கண்காணித்து விளக்கேற்றும் ஏற்பாடு 2013 முதல் கட்டாயமானது.

கன்வெர்ட்டரின் உள்ளே இருப்பது தேனடை போன்ற செராமிக் கட்டி. அதன் நுண்துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும் அவை கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் மாற்றிவிடுகின்றன. அங்கே சீரியம் ஆக்சைடும் உண்டு. கலவையில் காற்று மிகும்போது ஆக்சிஜனைப் பிடித்து வைத்து, பெட்ரோல் மிகும்போது திருப்பிக் கொடுப்பது அதன் வேலை. மழையில் நிரம்பி, வறண்ட காலத்தில் மதகு வழியே வயலுக்குத் தண்ணீர் விட்ட கொரட்டூர் ஏரியின் வேலையும் இதுதான்.

பட்டறைக்காரர் என்னை ஸ்கேனர் திரையின் முன் நிறுத்தி இரண்டு வரைகோடுகளைக் காட்டினார். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. சூடேறிய எஞ்சினில் முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்கும். ஏரி நன்றாக இருந்தால் அந்த அலை பின்னால் வராது. பின் சென்சார் 0.6, 0.7 என்று அமைதியாக நிற்கும். ஏரி தூர்ந்துவிட்டால் முன்னால் அடிக்கும் அலை அப்படியே பின்னாலும் அடிக்கும். அதைப் பார்த்துத்தான் கணினி பி0420 எழுதுகிறது. புகையில் எவ்வளவு நச்சு இருக்கிறது என்று அது அளப்பதே இல்லை. ஆக்சிஜனின் போக்கை வைத்து ஊகிக்கிறது. ஊகம் என்பதால்தான் விசாரணை வேண்டியிருக்கிறது.

அன்று வந்த முதல் கார் ஏற்கெனவே வேறோர் இடத்தில் கோடு அழிக்கப்பட்டு, சில நாட்களில் மறுபடி விளக்கு எரிந்த வண்டி. இவர் கோட்டைத் தொடவில்லை. "மொதல்ல எந்த நேரத்துல கோடு விழுந்துதுன்னு பாரு தம்பி. அழிச்சா அதுவும் போயிடும்" என்றார். அப்போதிருந்த வேகம், எஞ்சின் சூடு, சுற்று எல்லாம் கணினியில் பதிவாகியிருந்தன. வேறு கோடு எதுவும் இல்லை. எஞ்சினைச் சூடேற்றி 2,500 சுற்றில் சில நிமிடம் நிறுத்தினார்கள். பின் சென்சார் ஆடியது. ஆனால் முன் சென்சாரின் தாளத்தில் அது ஆடவில்லை. தன் போக்கில் கீழே விழுந்து விழுந்து எழுந்தது.

வண்டியை ஆறவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். உதவியாளர் சைலன்ஸர் முனையைத் துணியால் அரைகுறையாக அடைத்தார். பெரியவர் அடியில் படுத்து, குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீரை விட்டார். பின் சென்சாருக்குச் சற்று முன்னால் இருந்த இணைப்பில் நுரை பொங்கியது. அதைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. புகை துடித்துத் துடித்து வரும்போது இடையிடையே அந்த ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பின் சென்சார் அந்தக் காற்றைக் கன்வெர்ட்டரின் குற்றமாகச் சொல்லியிருக்கிறது. பேக்கிங்கை மாற்றி, போல்ட்டை முறுக்கிவிட்டுப் பார்த்தபோது பின் சென்சாரின் வரைகோடு 0.7க்கு அருகில் நேராக நின்றது. மாற்றிய பொருளின் விலை சில நூறு ரூபாய். தப்பிய கன்வெர்ட்டரின் விலை பல ஆயிரம்.

இரண்டாவது காரின் கதை வேறு. இங்கே முன்னும் பின்னும் ஒரே அலை. கசிவு இல்லை. முன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியைப் பூட்டினார்கள். 2,500 சுற்றில் 3 பிஎஸ்ஐக்கு மேல் போனால் அடைப்பு என்பது பட்டறைக் கணக்கு. முள் அதைத் தாண்டியது. ரப்பர் சுத்தியலால் கன்வெர்ட்டரைத் தட்டியபோது உள்ளே உடைந்த துண்டுகள் உருண்டன. அது செத்துவிட்டது உறுதி. அதோடு அவர் நிறுத்தவில்லை. "எதால செத்துதுன்னு தெரியாம புதுசு மாட்டினா அதுவும் சாகும் சார்" என்று பிளக்குகளைக் கழற்றினார். ஓர் இக்னிஷன் காயிலில் விரிசல் இருந்தது. வண்டி நெடுநாளாக உதறிக்கொண்டிருந்ததாக உரிமையாளரும் சொன்னார். அந்த சிலிண்டரில் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்திருக்கிறது. அந்தச் சூட்டில் செராமிக்கே உருகும். எஞ்சின் ஆயில் எரிவதும் கூலன்ட் கசிவதும் கன்வெர்ட்டரை இன்னும் மெதுவாகக் கொல்லும். ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் அதன் பூச்சின் மேல் படிந்து மூடிவிடும்.

விலையைக் கேட்டதும் உரிமையாளர் தயங்கினார். "உள்ள இருக்கிறதைத் தட்டி எடுத்துட்டு வெறும் குழாயா மாட்டிடலாமாண்ணே?" பட்டறைக்காரர் மறுத்துவிட்டார். பின் சென்சாரை ஒரு குழாய்த் துண்டு வைத்துத் தள்ளிப் பூட்டினால் விளக்கு எரியாது என்ற தந்திரம் அவருக்கும் தெரியும். "விளக்கு அணையும், புகை அணையாதே. இந்தத் தெருவுலதான் என் பேரப்புள்ள ஸ்கூலுக்குப் போவுது" என்றார். சட்டமும் அவர் பக்கம்தான். பாரத் ஸ்டேஜ் (பிஎஸ்) 4 தரத்துக்கும் அதற்குப் பிந்தைய தரங்களுக்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கான புகைச் சோதனையில், உயர் சுற்றில் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தட்டி எடுப்பவருக்கும் கேடு உண்டு. செராமிக் கட்டியைச் சுற்றியுள்ள நார்ப் பாயின் தூள் நுரையீரலில் தங்கிவிடும். அந்த வேலையை முகக்கவசம் இல்லாத பையன்கள் கையில் கொடுப்பது கொடுமை.

கசிவைத் தேடிய நேரம், திரையைப் பார்த்த நேரம், குழாய் ஆறக் காத்திருந்த நேரம், முன்கையில் பட்ட சூட்டுத் தழும்பு ஆகிய எதற்கும் பில்லில் தனி வரி இல்லை. பொருளுக்குக் காசு கொடுக்கும் வாடிக்கையாளர், கண்டுபிடித்ததற்குக் கேட்டால் முகம் சுளிக்கிறார். ஆராயாமல் பொருளை மாற்றுபவருக்கு லாபமும், ஆராய்ந்து பொருளைக் காப்பாற்றுபவருக்கு நட்டமும் கிடைக்கும் தொழில் முறை நெடுநாள் நேர்மையாக நிற்காது.

கார் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். எஞ்சின் விளக்கு எரிந்தால் கோட்டை அழிக்கச் சொல்லாதீர்கள். முன், பின் சென்சார்களின் வரைகோட்டைக் காட்டச் சொல்லுங்கள். கசிவு பார்த்தாரா, பிளக் பார்த்தாரா என்று கேளுங்கள். வண்டி உதறினால் அன்றைக்கே பட்டறைக்குக் கொண்டுபோங்கள். கண்டுபிடித்தவரின் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அது உங்கள் பணத்தையும் இந்த ஊரின் காற்றையும் சேர்த்துக் காப்பாற்றும் கூலி.