காந்தம் சொன்ன உண்மை

இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்குவது எங்கள் நெடுநாள் ஆசை. பல ஆண்டுச் சேமிப்புடன் இருவரும் புறப்பட்டோம்.

புதுப்பிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட சிவப்பு வண்டி கண்ணாடியாய் மின்னியது. முன்பணம் கொடுக்கும் முன், கதவுக்குக் கீழுள்ள விளிம்புத் தகட்டில் காந்தமொன்றை வைத்தோம், ஒட்டாமல் விழுந்தது. துருவை அகற்றாமல் பட்டி பூசி வண்ணம் அடித்திருந்தார்கள். தனிச் சேஸி இல்லாத இவ்வண்டியில் பாரம் தாங்குவதே அப்பகுதிதான். சினத்துடன் திரும்பினோம்.

அடுத்துப் பார்த்த பச்சை வண்டி சற்று மங்கியிருந்தது. அதன் உரிமையாளரோ, துருவை வெட்டிப் புதுத் தகடு பற்றவைத்த ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து வைத்திருந்தார். இரண்டாம் கியர் கரகரக்கும் என்பதை நாங்கள் கேட்குமுன்பே சொன்னார். காந்தம் இறுகப் பற்றியது. அதையே வாங்கினோம்.

வீடு திரும்பும் வழியில் கியர் கரகரத்தபோது எங்கள் நெஞ்சு உறுத்தியது. பழைய காரை விற்றபோது, அதன் எஞ்சின் எண்ணெய் குடிப்பதை நாங்கள் சொல்லவில்லை. மறுநாள் அதை வாங்கியவரை அழைத்து உண்மையைச் சொல்லி, பழுதுபார்க்கும் செலவை ஏற்றுக்கொண்டோம்.