பக்கத்து ஊரை விட்டுவிட்டு யாரோடு விளையாடப் போகிறோம்?



போன வாரம் பாடசாலையில் நடந்த கூட்டத்தில் நாங்கள் ஒரு தீர்மானத்துக்குக் கை உயர்த்தினோம். வருடா வருடம் பக்கத்து ஊர்ப் பாடசாலையோடு நடக்கும் உதைபந்தாட்டப் போட்டியை இம்முறை விட்டுவிட்டு, தூரத்து நகரத்துப் பெரிய பாடசாலை ஒன்றோடு விளையாடுவது என்பதே அந்தத் தீர்மானம். அனுசரணையாளர் கிடைத்திருக்கிறார், போட்டி நேரலையில் போகும், பிள்ளைகளுக்குப் புது ஜேர்சி வரும் என்றார்கள். ஆசிரியர்கள் எங்களில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் மனசு உறுத்தியது.

அதற்குக் காரணம் எங்கள் பழைய மாணவர் ஒருவர். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், கோர்வாலிஸ் என்ற சிறிய ஊரில் உள்ள ஒரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படிக்கிறார். 2023 ஓகஸ்டில் ஒருநாள் போன் எடுத்தவர், “சேர், இஞ்ச ஊரே மையத்து வீடு மாதிரிக் கிடக்கு. எங்கட லீக் உடைஞ்சு போச்சு. இனி எங்களோட விளையாட ஆள் இல்ல” என்றார். பல்கலைக்கழக விளையாட்டுக்காக ஓர் ஊர் அழுமா என்று அன்று நாங்கள் சிரித்தோம். பிறகு அவர் விளக்கமாகச் சொன்னதையும், நாங்கள் தேடி வாசித்ததையும் இங்கே எழுதுகிறோம்.

அமெரிக்காவில் பல்கலைக்கழக விளையாட்டு என்பது நம் ஊர் ‘பிக் மேட்ச்’ போன்றதுதான். ஆனால் அதைவிடப் பல மடங்கு பெரியது. அருகருகே இருக்கும் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தங்களுக்குள் ஒரு கூட்டு வைத்துக்கொள்ளும். அதைக் ‘கொன்பரன்ஸ்’ என்பார்கள். நம் வலய மட்டம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பசிபிக் கரையில் அப்படி ஒரு கூட்டு 1915 இல் நான்கு பல்கலைக்கழகங்களோடு தொடங்கியது. ஒரிகன் ஸ்டேட் அந்த நான்கில் ஒன்று. பின்னாளில் அது பன்னிரண்டாக வளர்ந்து ‘பெக்-12’ என்று பெயர் பெற்றது.

நூறு வருடத்துக்கும் மேலாக நின்ற அந்தக் கூட்டு, இரண்டு வருடம்கூட ஆகாத காலத்தில் கலைந்தது.

இதன் வேர் தொலைக்காட்சியில் இருக்கிறது. எந்தப் போட்டியை எத்தனை தடவை ஒளிபரப்பலாம் என்பதை முன்பு தேசிய விளையாட்டுச் சங்கம் ஒன்றே தீர்மானித்தது. 1984 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அது போட்டிச் சந்தைச் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு ஒவ்வொரு கூட்டும் தன் போட்டிகளைத் தானே விற்கலாம் என்றானது. விற்பவருக்கு விலைதான் கணக்கு. பெரிய நகரங்களில் ரசிகர் உள்ள அணிகள் சேர்ந்தால் விலை கூடும். அதனால் கூட்டுகள் ஒன்றின் அணியை மற்றது இழுக்கத் தொடங்கின.

2022 ஜூன் 30 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களான யூஎஸ்சி, யூசிஎல்ஏ இரண்டும் பெக்-12 ஐ விட்டு ‘பிக் டென்’ என்ற கூட்டுக்குப் போவதாக அறிவித்தன. அடுத்த ஓகஸ்டிலேயே பிக் டென், மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களோடு ஏழு வருடத்துக்கு ஏழு பில்லியன் டொலர் அளவிலான ஒப்பந்தம் செய்தது.

எஞ்சிய பத்துப் பேரும் தங்களுக்கு ஓர் ஒளிபரப்பு ஒப்பந்தம் தேடி ஒரு வருடம் அலைந்தார்கள். கடைசியில் அப்பிள் நிறுவனத்திடமிருந்து ஒரு திட்டம் வந்தது. எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்களோ அதைப் பொறுத்துத்தான் வருமானம் கூடும். அந்த நிச்சயமின்மை எல்லோரையும் பயமுறுத்தியது. 2023 ஜூலை கடைசியில் கொலராடோ வெளியேறியது. ஓகஸ்ட் 4 ஆம் திகதி ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் போயின. செப்டெம்பர் முதலாம் திகதி ஸ்டான்போர்டும் பேர்க்லியும் போயின. மிஞ்சியது இரண்டு. ஒன்று ஒரிகன் ஸ்டேட், மற்றது வொஷிங்டன் ஸ்டேட். இரண்டும் சிறிய ஊர்களில் இருப்பவை. தொலைக்காட்சிக்காரர் கணக்கில் சிறிய ஊர் எடுபடாது.

நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இங்கேதான் இருக்கிறது. போனவர்கள் எல்லோரும் பேராசைக்காரர் அல்ல. யூசிஎல்ஏயின் விளையாட்டுப் பிரிவு பெரும் பற்றாக்குறையில் இருந்தது. ஒரிகன், வொஷிங்டன் ஆகிய இரண்டும் பிக் டென்னில் மற்றவர்கள் பெறும் முழுப் பங்கைவிடக் குறைவான பணத்துக்குத்தான் சேர்ந்தன. ‘மற்றவன் போனால் நாம் தனித்துப் போவோமே’ என்ற பயம் ஒவ்வொருவரையும் வாசலுக்குத் தள்ளியது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவர் முடிவிலும் ஒரு நியாயம் தெரிகிறது. கூட்டிப் பார்த்தால் ஒரு வீடு இடிந்து கிடக்கிறது.

இப்போது பிக் டென்னில் பதினெட்டு அணிகள். கணித ஆசிரியர்கள் மன்னிக்கவும். பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்போர்ட் விளையாடுவது ‘அத்திலாந்திக் கரைக்’ கூட்டில். புவியியல் ஆசிரியர்களும் மன்னிக்கவும். சிரிக்கலாம், ஆனால் லொஸ் ஏஞ்சல்ஸில் படிக்கும் ஒரு கரப்பந்து வீராங்கனை கூட்டுப் போட்டிக்காக நியூ ஜேர்சி வரைக்கும் கிட்டத்தட்ட நாலாயிரம் கிலோமீற்றர் பறக்க வேண்டும். அந்த ஒப்பந்தப் பணம் முக்கியமாக வந்தது ஆண்களின் அமெரிக்க உதைபந்தாட்டத்துக்காக. பாடத்தைத் தவறவிட்டு விமான நிலையத்தில் தூங்குவது அவளும்தான்.

கோர்வாலிஸிலிருந்து சுமார் அறுபத்தைந்து கிலோமீற்றரில் யூஜீன் என்ற ஊர். அங்கேதான் ஒரிகன் பல்கலைக்கழகம். இந்த இரண்டு ஊரும் 1894 முதல் மோதி வந்தவை. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கம், தங்கை மறு பக்கம் என்று இருப்பார்களாம். பருவத்தின் கடைசியில் வரும் அந்தப் போட்டி 2024 இல் செப்டெம்பருக்குப் போய், கூட்டுக்குள் கணக்கில்லாத ஓர் ஆட்டமாக நடந்தது. ஒரிகன் ஸ்டேட் 160 மில்லியன் டொலருக்கு மேல் செலவழித்துப் புதுப்பித்த மைதானம் திறந்ததும் 2023 செப்டெம்பரில்தான். கூட்டு உடைந்து ஒரு மாதம். அதைத்தான் எங்கள் மாணவர் மையத்து வீடு என்றார்.

கதை அதோடு முடியவில்லை. மிஞ்சிய இரண்டு பல்கலைக்கழகங்களும் நீதிமன்றம் போய்க் கூட்டின் நிர்வாகத்தைத் தம் கையில் எடுத்தன. 2024 செப்டெம்பரில், தங்களை மீண்டும் கட்டியெழுப்ப, ‘மவுண்டன் வெஸ்ட்’ என்ற வேறொரு கூட்டிலிருந்து ஐந்து அணிகளை அழைத்துக்கொண்டன. தனக்கு நடந்தபோது அழுதவர், அதையே அடுத்தவருக்குச் செய்ய நேர்ந்தது. இதை வாசித்தபோது எங்களுக்கு அவர்கள் மீது கோபம் வரவில்லை. அவர்கள் இடத்தில் நாங்களும் அதைத்தான் செய்திருப்போமோ என்ற பயம்தான் வந்தது.

ஆறுதலான ஒரு செய்தியும் உண்டு. 2025 இல் எந்தக் கூட்டிலும் இல்லாமல், ஒவ்வொரு இடமாக ஆட்டம் தேடி விளையாடிய ஒரிகன் ஸ்டேட் பேஸ்போல் அணி, தேசிய இறுதிச் சுற்று நடக்கும் ஒமாஹா வரைக்கும் போனது. சின்ன ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறமை குறைவில்லை.

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். நம்மிடம் பில்லியன் இல்லை. ஒரு நேரலையும் சில ஜேர்சிகளும்தான். அளவுதான் வேறு. கிழிந்த சப்பாத்தோடு ஓடும் பிள்ளைகளை மைதானத்தில் தினமும் பார்க்கிறவர்கள் நாங்கள். ஆகவே பணம் வேண்டாம் என்று பெருமை பேச மாட்டோம். ஆனால் பக்கத்து ஊர்ப் போட்டிக்கு நம் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். உம்மாமார் மதிலோரம் நின்று பார்க்கிறார்கள். தோற்றால் அடுத்த வருடம் வரை சந்தையில் பகிடி கேட்க வேண்டும். அந்த நகரத்துப் பாடசாலைக்கு நம்மைத் தோற்கடித்தது மறுநாளே மறந்துவிடும். அடுத்த வருடம் அனுசரணையாளர் வேறு அணியைத் தேடினால், நாம் திரும்பிப் போய்ப் பக்கத்து ஊர்க் கதவைத் தட்ட முடியுமா?

வருகிற கூட்டத்தில், அன்று உயர்த்திய கையை இறக்கிக்கொள்கிறோம் என்று சொல்லப் போகிறோம். நகரத்து அணியோடும் விளையாடலாம், ஆனால் பக்கத்து ஊர்ப் போட்டியின் திகதியைத் தொடாமல். சப்பாத்துக்கும் ஜேர்சிக்கும் பழைய மாணவர்களும் ஊராரும் சேர்ந்து ஒரு வழி பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் கருத்தை எழுதுங்கள். பக்கத்து ஊர் உறவுகளும் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் பாடசாலையிலும் இப்படி ஒரு கூட்டம் நடந்திருந்தால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.